குப்பைமேட்டுச் சீசா: வயதும் விலையும்

இதை எழுதும்போது என் மேசைமேல் ஒரு இங்க் சீசா நிற்கிறது. கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். வெளிர்பச்சையும் நீலமும் கலந்த நிறம். ஒன்றிரண்டு காற்றுக் குமிழிகள் கண்ணாடிக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கின்றன. வாயைத் தடவிப் பார்த்தால் விரல் கீறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அவ்வளவு சொரசொரப்பு. லண்டனில் இருக்கும் என் சித்தி மகன் போன வருடம் ஊருக்கு வந்தபோது சட்டைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து தந்தான். கடையில் வாங்கியது இல்லை. ஒரு பழைய குப்பைமேட்டைத் தோண்டி அவனே எடுத்தது.

இங்கிலாந்தில் இது ஒரு பெரிய பொழுதுபோக்கு. விடுமுறை நாளில் மண்வெட்டியும் சாப்பாட்டுப் பொட்டலமுமாகக் கிளம்பி, நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஊர் கொட்டிய குப்பையைத் தோண்டி, உடையாமல் கிடக்கும் சீசாக்களை எடுத்து வருவார்கள். 1970-களில் இது நன்றாகப் பரவியது. இன்றைக்கும் இதற்கென்று சந்தைகளும் ஏலங்களும் நடக்கின்றன. புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்வி: இது எவ்வளவு பழசு? எவ்வளவு போகும்? இரண்டையும் ஒரே கேள்வி என்று நினைத்துவிடுகிறோம். தனித்தனியாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

குப்பைக்குள் முழுச் சீசா எப்படி வந்தது?

நம் ஊரில் சீசா அவ்வளவு எளிதில் குப்பைக்குப் போகவில்லை. காலியானதும் கழுவி நல்லெண்ணெய் ஊற்றி வைத்தோம், மண்ணெண்ணெய் வாங்கிவர எடுத்துப் போனோம், மிஞ்சியதைப் பழைய பாட்டில்காரரிடம் போட்டோம். இங்கிலாந்தில் நிலைமை வேறு. கண்ணாடிமீது இருந்த வரியை 1845-இல் எடுத்துவிட்டார்கள். அதன்பின் கண்ணாடி மலிவானது. மருந்து, இங்க், சாஸ், ஊறுகாய், தைலம் எல்லாம் சின்னச் சின்னச் சீசாக்களில் வர ஆரம்பித்தன. சோடாக் கம்பெனிகள் தங்கள் சீசாவைத் திருப்பி வாங்கிக்கொண்டன. மருந்துச் சீசாவையும் இங்க் சீசாவையும் கேட்பாரில்லை. அவை நேராகக் குப்பைக்குப் போயின.

அந்தக் குப்பையில் பெரும்பகுதி சாம்பல். ஒவ்வொரு வீட்டிலும் நிலக்கரி அடுப்பு எரிந்த காலம் அது. 1875-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தபின் குப்பை அள்ளுவது உள்ளாட்சிகளின் பொறுப்பாக ஊன்றியது. வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போய், கல் எடுத்து முடிந்த குவாரியிலும் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளத்திலும் சதுப்பு நிலத்திலும் கொட்டினார்கள். பள்ளம் நிரம்பியதும் மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். சாம்பல் மெத்தை மாதிரி. வண்டியிலிருந்து விழுந்த சீசா உடையவில்லை, விழுந்த இடத்தில் அப்படியே புதைந்தது. இன்று அதன்மேல் மாடு மேய்கிறது, அல்லது முள்புதர் மண்டிக் கிடக்கிறது.

அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. பழைய நில அளவை வரைபடங்களைப் பரப்பி வைத்துக்கொள்வார்கள். ஒரு பதிப்பில் களிமண் பள்ளம் என்று குறித்திருக்கும். இருபது வருடம் கழித்து வந்த பதிப்பில் அந்தப் பள்ளம் இருக்காது, சமதரை காட்டியிருக்கும். பள்ளம் தானாகத் தூர்ந்துவிடாது, எதையோ போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால், குப்பை மக்கிய சத்தான மண்ணில் காஞ்சொறிச் செடி அடர்ந்து நிற்கும். முயல் வளை பறித்திருந்தால் வெளியே தள்ளிய மண்ணில் சாம்பலும் பீங்கான் சில்லும் கலந்து கிடக்கும். முயல் பாதி வேலையைச் செய்துவைத்துவிட்டது என்று சித்தி மகன் சொல்வான்.

அமெரிக்காவில் வேறு வழக்கம். அங்கே பழைய வீடுகளின் கொல்லைப்புறக் கக்கூஸ் குழியைத் தேடுகிறார்கள். குழாய்த் தண்ணீரும் சாக்கடைக் குழாயும் வருவதற்கு முன் வீட்டுக்கு ஒரு குழி. உடைந்த தட்டு, காலி மருந்துச் சீசா, வீட்டுக்காரிக்குத் தெரியாமல் குடித்த சாராயச் சீசா, எல்லாம் அதற்குள்தான் போயிற்று. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் இப்போது அது வெறும் கறுத்த மண். நீண்ட இரும்புக் கம்பியைத் தரைக்குள் குத்திக் குத்திப் பார்த்து, மண் இளகிய இடத்தை வைத்துக் குழியைக் கண்டுபிடிப்பார்கள்.

தோண்டுவதற்கு முன்

நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்கக் கூடாது. இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் தோண்டுவது குற்றம். லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் தேடுவதற்குத் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். அமெரிக்காவில் கூட்டரசு நிலத்தில் கிடைக்கும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருள்களை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. நம் நாட்டில் மண்ணுக்குள் கிடைக்கும் புதையலுக்கு 1878-ஆம் ஆண்டுச் சட்டமும், நூறு வருடப் பழம்பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் ஊர்ப்பக்கத்துத் தொல்மேட்டில் மண்வெட்டியைப் போட்டுவிடாதீர்கள். அங்கே ஒரு பானை ஓடு கிடக்கும் ஆழம்கூட ஆய்வாளர்களுக்குச் சான்று. கலைத்துவிட்டால் அதை மறுபடி அடுக்க முடியாது. நம் பக்கம் பழைய சீசா வேண்டுமென்றால் காயலான் கடையிலும், மூடிப்போன சோடாக் கம்பெனியிலும், தாத்தா வீட்டுப் பரணிலும் தேடுங்கள். அதுதான் சரியான இடம்.

அப்புறம் ஆபத்து. சாம்பல் தோண்டுவதற்கு எளிது, அதே அளவு எளிதாகச் சரியும். சுவரில் ஒரு சீசாவின் அடி எட்டிப் பார்க்கும்போது அதற்குக் கீழே குடைந்துகொண்டே போகத் தோன்றும். இதில் உயிர் போவது அந்த இடத்தில்தான். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் வரை கனக்கும். மேலே விழுந்தால் மூச்சுவிட இடமிருக்காது. படிப்படியாக மேலிருந்து கீழே வெட்டிவர வேண்டும், குடையக் கூடாது, தனியாகப் போகக் கூடாது. தடித்த கையுறையும் பூட்ஸும் வேண்டும், டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். மூடியோடு திரவம் இருக்கும் சீசா கிடைத்தால் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். அந்தக் காலத்து வீடுகளில் ஆர்சனிக் போன்ற விஷங்கள் சாதாரணமாகப் புழங்கின. வேலை முடிந்ததும் குழியை மூடிவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை அனுமதி கிடைக்காது, மேய வரும் மாட்டின் காலும் முறியும்.

வயதை விரலால் பார்ப்பது

இப்போது என் இங்க் சீசாவுக்கு வருவோம்.

அச்சில் வார்த்த எந்தச் சீசாவின் பக்கவாட்டிலும் ஒரு மெல்லிய கோடு ஓடும். அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் வரும் தையல் அது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்துக்குத் தட்டுப்படும். அடியிலிருந்து மேலே நகத்தை ஓட்டிக்கொண்டே போங்கள், எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

பழைய முறையில் ஊதுபவர் இரும்புக் குழாய் நுனியில் கண்ணாடிக் குழம்பை எடுத்து அச்சுக்குள் ஊதுவார். உடம்பும் கழுத்தும் உருவானதும் குழாயிலிருந்து பிரித்து, வாயை மறுபடி சூடாக்கி, ஒரு கருவியால் சுழற்றித் தேய்த்து உருவாக்குவார். அந்தத் தேய்ப்பில் வாய்க்குப் பக்கத்தில் தையல் அழிந்துபோகும். ஆகவே தையல் கழுத்திலேயே நின்றுவிட்டால் வாய் கையால் முடிக்கப்பட்டது என்று அர்த்தம். இயந்திரத்தில் வாயும் அச்சிலேயே வந்துவிடுவதால் தையல் உச்சி விளிம்புவரை ஏறிப் போகும். யார்க்‌ஷையரில் ஹோவர்ட் ஆஷ்லி 1880-களில் பாதித் தானியங்கி இயந்திரம் ஒன்றைச் செய்தார். 1903-இல் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் மைக்கேல் ஓவன்ஸ் முழுத் தானியங்கியை ஓடவிட்டார். அடுத்த இருபது வருடத்தில் ஊதுபவர்களின் வேலை ஏறக்குறைய முடிந்துபோயிற்று. எனவே தையல் உச்சிவரை போனால் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டு.

இந்த விதியை நம்பி நான் என் இங்க் சீசாவில் நகத்தை ஓட்டினேன். தையல் நேராக விளிம்புவரை போயிற்று! அப்படியென்றால் இயந்திரச் சீசாவா என்று மனசு வாடிப்போனது. வாயைச் சரியாகப் பார்த்தபிறகுதான் புரிந்தது. அது ஒரு பென்னிக்கு விற்ற இங்க். அவ்வளவு மலிவுச் சரக்குக்கு வாயை மறுபடி சூடாக்கி மழுக்கும் கூலி கட்டாது. ஊதி முடித்ததும் அப்படியே உடைத்துப் பிரித்துவிட்டார்கள், அதனால்தான் அந்தச் சொரசொரப்பு. தேய்க்காததால் தையலும் அழியவில்லை. உடைத்த வாயில் கார்க்கை அடைத்து மெழுகு வைத்து விற்றார்கள். தையலை மட்டும் பார்த்து முடிவுசெய்தால் கை ஏமாற்றிவிடும். தையல், வாய், அடி மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தையலே இல்லாத சீசாவும் உண்டு. பழைய ஒயின் சீசாக்களை அச்சுக்குள்ளேயே சுழற்றினார்கள், தையல் முழுக்க மறைந்தது. அது ரொம்பப் பழசு என்பதற்கு அடையாளம் இல்லை.

அடுத்தது அடி. நடுவில் உடைத்துப் பிய்த்தது போன்ற கரடான தழும்பு இருந்தால், வாயை முடிக்கும்போது சீசாவை ஓர் இரும்புக் கோலில் ஒட்டவைத்துப் பிடித்திருக்கிறார்கள். பின்னாளில் கோலுக்குப் பதில் இடுக்கி வந்தது. அதனால் சாதாரணச் சீசாவில் இந்தத் தழும்பு இருந்தால் பெரும்பாலும் 1870-க்கு முந்தியது. ஓவன்ஸ் இயந்திரத்துக்கும் ஒரு தழும்பு உண்டு. கண்ணாடிக் குழம்பை உறிஞ்சிக் கத்தியால் வெட்டும்போது, அடியில் நடுவிலிருந்து சற்று விலகிய வட்டக் கோடு ஒன்று பதியும்.

நிறத்துக்கு வயதைவிட மணலோடுதான் உறவு அதிகம். மணலில் இயல்பாகவே இரும்பு இருப்பதால் கண்ணாடிக்கு அந்தக் கடல்பச்சை வந்துவிடும். கறுப்புக் கண்ணாடி என்று சொல்வதை வெயிலுக்கு எதிரே பிடித்தால் அடர்ந்த ஆலிவ் பச்சையாகவோ தேன் நிறமாகவோ தெரியும். பச்சையை நீக்கி வெள்ளைக் கண்ணாடி செய்ய மாங்கனீஸ் சேர்த்தார்கள். அப்படிச் செய்த கண்ணாடி பல வருடம் வெயிலில் கிடந்தால் மெல்லிய ஊதா நிறம் ஏறும். முதல் உலகப்போர்க் காலத்தில் மாங்கனீஸ் போய் செலினியம் வந்தது. இந்த ஊதாவுக்கு ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கதிர்வீச்சில் வைத்து வேண்டுமென்றே ஊதா ஏற்றி விற்கிறார்கள். கத்தரிக்காய் போல அடர்ந்த ஊதாவைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

கோலிச் சீசாவின் கதை

தோண்டுகிறவர்கள் எல்லோரும் விரும்புவது நம் கோலி சோடாச் சீசாவைத்தான். சோடாவின் பெரிய தொல்லை காற்று. கார்க் காய்ந்து சுருங்கினால் காற்று போய்விடும். அதனால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முட்டை வடிவத்தில் சீசா செய்தார்கள். நிற்கவைக்க முடியாது, படுத்துத்தான் கிடக்கும், கார்க் எப்போதும் நனைந்தே இருக்கும். அந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தவர் ஹைரம் காட் என்ற இங்கிலாந்துப் பொறியாளர். 1870-களின் தொடக்கத்தில் அவர் காப்புரிமை பெற்ற சீசாவில் மூடியே கிடையாது. வாயின் உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம், கழுத்தறைக்குள் ஒரு கோலி. சீசாவைத் தலைகீழாகப் பிடித்துச் சோடாவை ஏற்றினால் கோலி வளையத்தில் போய் உட்காரும். உள்ளிருக்கும் காற்றே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். காற்று தப்பிக்கப் பார்க்கும் வேகமே காற்றை அடைத்துவைக்கிறது. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது அதிசயம்தான். ஊற்றும்போது கோலி மறுபடி வாய்க்கு ஓடிவந்துவிடாமல் தடுக்கக் கழுத்தில் இரண்டு குழிகள். அந்தக் குழிகள் கீழ்ப்பக்கம் இருக்கும்படி சாய்த்தால் கோலி அங்கேயே தங்கிவிடும்.

இந்தச் சீசாவில் வயது பார்க்கத் தையல் அதிகம் உதவாது. கோலியை உள்ளே போட்டபிறகுதான் வாயைச் சுருக்க முடியும். எந்தக் காலத்தில் செய்தாலும் வாய் தனிவேலைதான். உடம்பில் புடைத்திருக்கும் கம்பெனிப் பெயர், ஊர்ப்பெயர், காப்புரிமை வாசகம், இவற்றை வைத்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும். அந்தக் கம்பெனி அந்தத் தெருவில் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை இருந்தது என்று பழைய வணிக விலாசப் புத்தகங்களில் தேடுவார்கள்.

குப்பைமேட்டில் கிடைக்கும் கோலிச் சீசாக்களில் நிறைய கழுத்து உடைந்தவை. உள்ளே கோலி இருக்காது. அந்த ஊர்ப் பிள்ளைகள் விளையாடுவதற்காகக் கோலியை உடைத்து எடுத்திருக்கிறார்கள். எந்த ஊர்ப் பிள்ளைகளும் செய்யக்கூடியதுதானே. 1892-இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். அது பரவியதும் மேற்கே கோலிச் சீசா மெல்ல மறைந்தது. நம் நாட்டிலும் ஜப்பானிலும் நிலைத்துவிட்டது.

விலை

சரி, எவ்வளவு போகும்? நூறு வருடம் ஆகிவிட்டது என்பதற்காக யாரும் பணம் தர மாட்டார்கள். பாவ்ரில் என்ற மாட்டிறைச்சிச் சாறு வந்த பழுப்பு ஜாடிகள் நூறு வருடத்துக்கு மேல் பழையவை உண்டு. மேட்டுக்கு மேடு கிடைக்கின்றன, எடுத்தவர்களே அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். என் பென்னி இங்க் சீசாவும் அப்படித்தான், ஒரு சில பவுண்டு பெறும்.

விலையைத் தூக்குவதில் முதலிடம் நிறத்துக்கு. அதே அச்சு, அதே வருடம், அதே கம்பெனி. சாதாரணக் கடல்பச்சைக் கோலிச் சீசா சில பவுண்டுக்குப் போகும் இடத்தில் கோபால்ட் நீலத்தில் இருந்தால் நூற்றுக்கணக்கில் ஏறும், அரிதானது ஆயிரத்தைத் தாண்டும். நீலத்தில் குறைவாகத்தான் செய்தார்கள், அதுதான் காரணம். இதையே விஷச் சீசாவில் போய்த் தேடாதீர்கள், அங்கே நீலம் சாதாரணம். விஷச் சீசாவை நீலத்திலோ பச்சையிலோ, ஆறு பட்டையாக, மேலெல்லாம் வரிவரியாகச் செய்தார்கள். மெழுகுவத்தி அணைந்த அறையில் இருமல் மருந்தென்று நினைத்துக் கையை நீட்டினால், தொட்டதுமே விரலுக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பதற்காக. அந்த வகையில் விலை வடிவத்துக்கு.

அடுத்தது எழுத்து. ஒட்டிய காகிதம் மண்ணில் மக்கிவிடும், புடைப்பு எழுத்து நிற்கும். எழுத்தோடு படமும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. பெரிய நகரத்துப் பெரிய கம்பெனியைவிடச் சின்ன ஊரில் இரண்டு மூன்று வருடம் நடந்து மூடிய சோடாக் கம்பெனியின் சீசாவுக்கு மதிப்பு அதிகம். அதை வாங்குகிறவர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரராகவே இருப்பார்.

கடைசியாக நிலைமை. வாயில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலும் விலை சட்டென்று இறங்கும். விரிசலை வெளிச்சத்துக்கு எதிரே மெல்லத் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். கோலிச் சீசாவில் வாயின் உள்விளிம்பையும் பார்க்க வேண்டும். திறக்கும் கட்டை பட்டுப் பட்டு அங்கே சில்லு போயிருக்கும். விலை விசாரிக்கும்போது, விற்கிறவர் கேட்கும் விலையை எழுதிக்கொள்ளாதீர்கள். ஏலத்தில் உண்மையிலேயே விற்றுப்போன விலையைத் தேடுங்கள். இன்னொன்று, இப்போதும் தயாராகும் கோலிச் சீசாவைப் பழசென்று விற்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்து மழுங்காமல், அடியில் ஒரு தேய்மானம்கூட இல்லாமல் இருந்தால் வாங்குவதற்கு முன் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கழுவுவது

ஆசையில் உடனே வெந்நீரை ஊற்றிவிடாதீர்கள். குளிர்ந்த மண்ணிலிருந்து வந்த கண்ணாடி படீரென்று விரிசல் விட்டுவிடும். ஒரு நாள் நிழலில் வைத்து, பிறகு சாதாரணத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். உள்ளே அழுக்கு போகவில்லையென்றால் நம் வீட்டு வழிதான்: ஒரு கைப்பிடி பச்சரிசி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர், குலுக்கு குலுக்கென்று குலுக்குவது.

சில சீசாக்களில் அதற்கும் போகாத வெண்படலம் இருக்கும். சிலவற்றில் மழைத் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல வானவில் நிறம் தெரியும். அது அழுக்கு இல்லை. ஈர மண்ணில் கிடந்து கண்ணாடியிலிருந்த சோடா உப்பு கரைந்து போனதால் மேற்பரப்பே மெல்லிய ஏடாகப் பிரிந்திருக்கிறது. செம்புக் கம்பித் துண்டுகளையும் மெருகுப் பொடியையும் போட்டு நாள்கணக்கில் இயந்திரத்தில் உருட்டிப் பளபளப்பாக்குகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. எழுத்தின் கூர்மை போய்விடுகிறது, அத்தனை வருடம் மண்ணில் கிடந்த தடமும் போய்விடுகிறது.

சித்தி மகன் தான் எடுக்கும் ஒவ்வொரு சீசாவுக்குள்ளும் ஒரு துண்டுத்தாளைச் சுருட்டி வைத்துவிடுவான். எங்கே, எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் என்ன கிடந்தது என்று எழுதியிருப்பான். என் இங்க் சீசாவுக்குள்ளும் ஒன்று இருந்தது. சின்ன இடுக்கி வைத்து மெல்ல உருவி எடுத்தேன். பென்சிலில் எழுதியிருந்தான்: "மூன்றடி ஆழம். சாம்பல். மேலே சிப்பி ஓடு நிறைய. பக்கத்தில் களிமண் புகைக்குழாய் ஒன்று, ஒரு பொம்மையின் பீங்கான் கை."